ஒரு மணி நேரம் என்பது யாருக்கு?

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் வான்வழியில் சுமார் 270 கிலோமீட்டர். விமானத்துக்கு ஒரு மணி நேரப் பயணம். நெமிலிச்சேரியில் வீடு என்றால் அந்தக் கணக்கு உதவாது. வண்டலூர் வெளிவட்டச் சாலை வழியே மீனம்பாக்கம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம். அங்கே குறைந்தது ஒன்றரை மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும். இறங்கியபின் பெங்களூர் ஊருக்குள் போக இன்னொரு மணி நேரமாவது பிடிக்கும். எங்களுக்கு ரயில்தான் வழி.

சென்ட்ரலில் புறப்படும் பாதை பெரம்பூர், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி, பட்டாபிராம் தாண்டி எங்கள் ஊருக்கு வருகிறது. தென்னிந்தியாவின் முதல் ரயில், 1856 ஜூலையில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது, இந்தத் தடத்தில்தான்.

எங்கள் வீட்டுக் கடிகாரம் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ். 1964இல் ஓடத் தொடங்கிய வண்டி. காலையில் அது கடந்ததும், "பிருந்தாவன் போயாச்சு, இன்னும் என்னடா சாப்பிட்டுக்கிட்டிருக்கே?" என்பார் பாட்டி. திருநின்றவூர்த் தேருக்கு அவரோடு நடந்து போன ஒரு நாள், கேட் மூடியிருந்தது. அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்டவாளம் முதலில் மெல்ல முனகியது. பிறகு காலடி மண்ணே அதிர்ந்தது. வண்டி போன பின்னும் ஜல்லியிலிருந்து எழுந்த தூசி முகத்தில் ஒட்டியிருந்தது. காத்திருந்த நேரத்தில் பாட்டி பூசலார் நாயனாரின் கதையைச் சொன்னார்: கையில் காசில்லாமல் மனசுக்குள்ளேயே கல் கல்லாகக் கோயில் கட்டி, விமானம் எழுப்பி, குடமுழுக்குக்கு நாள் குறித்தவர். அது திருநின்றவூர்க் கதை, எங்களுக்குப் பக்கத்து ஊர். விமானம் என்றால் கருவறைக்கு மேலே நிற்பது என்றுதான் பாட்டிக்குத் தெரியும்.

திருநின்றவூரைத் தாண்டினால் பெங்களூர்ப் பாதையில் அரக்கோணம், காட்பாடி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாறு தண்ணீரில்லாமல் கிடக்கிறது. ஜோலார்பேட்டை, குப்பம், பங்காருப்பேட்டை, பெங்களூர்.

2022 நவம்பரிலிருந்து வந்தே பாரத் இதே பாதையில் நாலரை மணி நேரத்துக்குள் பெங்களூர் போய்விடுகிறது. விடியற்காலை ஆறு மணிக்கு முன்பே சென்ட்ரலில் கிளம்பும். அதைப் பிடிக்க நாங்கள் இருட்டோடு எழுந்து, இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல் எதிர்த்திசையில் போக வேண்டும். போய் ஏறி உட்கார்ந்தால், கொஞ்ச நேரத்தில் சன்னலுக்கு வெளியே நெமிலிச்சேரி நடைமேடை. கோலம் போட்டுக்கொண்டிருக்கும் வீட்டுக்காரர்களை விட்டுவிட்டு, நம் ஊரை நாமே கடந்து போகிறோம். வயசான அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை அப்படிப் போனேன். "இங்கேயே ஏறியிருக்கலாமேடா" என்றார். பதில் இல்லை.

எங்கள் ஊரிலேயே நிற்க வேண்டும் என்றில்லை. பக்கத்திலுள்ள ஆவடி 2019இலேயே மாநகராட்சி ஆகிவிட்டது. அம்பத்தூர் முதல் திருவள்ளூர் வரை உள்ள ஜனங்களுக்கு அதுதான் நடுவம். பெங்களூர் போகும் பகல்நேர வண்டிகள் எல்லாம், வந்தே பாரத் உட்பட, ஆவடியில் இரண்டு நிமிடம் நிற்கட்டும்.