கணினி சொல்லும் ‘இல்லை’

‘இல்லை’ என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. தேடும் பொருளே இல்லாமை ஒன்று. பொருள் இருந்தும் தேடியவர் அவ்விடம் செல்லாமை மற்றொன்று. கணினி சொல்லும் ‘இல்லை’ பெரும்பாலும் இரண்டாம் வகையினது. இதனை அறியாது கல்வியையே கைவிட முனைவோரும் உளர் என்பதைப் பீன்யாவில் கண்டோம்.

பெங்களூரின் வடமேற்கே, துமகூரு நெடுஞ்சாலையை ஒட்டிப் பட்டறைகள் நெருங்கிய தொழிற்பேட்டை பீன்யா. அங்கு ஞாயிறுதோறும் சில இளைஞர்க்குக் கணினி நிரல் எழுதப் பயிற்றி வருகிறோம். அவர்களுள் ஒருவர் தருமபுரி மாவட்டத்தினர். பகலெல்லாம் லேத்தில் நிற்பவர். தவணையில் மடிக்கணினி வாங்கியவர். கேட்போர்க்கு ஒரு வணக்கம் மட்டும் அனுப்பும் சர்வ்லெட் ஒன்றை, அஃதாவது சர்வரில் இயங்கும் சிறு ஜாவா நிரலை, அவர் எழுதினார். அதனைத் தொகுக்கும் கம்பைலராகிய ‘ஜாவாசி’யை அழைத்தால், அப்படியொரு கட்டளையே அறியேன் என்றது கணினி.

“ஐயா, இந்தப் படிப்பு எனக்கு ஏறாது. கணினியை விற்றுவிடுகிறேன்” என்றார்.

“தம்பி, ‘நான்காம் கிராஸ், பீன்யா’ என்று மட்டும் எழுதினால் சரக்கு வண்டி உம் பட்டறைக்கு வந்து சேருமா?” என்று வினவினோம்.

“எந்த ஸ்டேஜ், எந்த ஃபேஸ் என்று சொல்ல வேண்டுமே!” என்று நகைத்தார்.

கணினிக்கும் அவ்வளவே வேண்டும். அது கட்டளையைத் தேடி வட்டு முழுவதையும் துழாவுவதில்லை. ‘பாத்’ என்னும் பட்டியலில் குறித்த கோப்புறைகளையே வரிசையாகப் பார்க்கிறது. ஜாவாவின் ‘பின்’ கோப்புறை அப்பட்டியலில் இல்லை. சேர்த்தோம். முன்பே திறந்திருந்த கட்டளைச் சாளரம் பழைய பட்டியலையே பற்றியிருக்கும் ஆதலின், புதிய சாளரம் ஒன்றைத் திறந்தோம். கம்பைலர் இயங்கிற்று, ஆயின் ‘சர்வ்லெட் தொகுதி இல்லை’ என்றது. அத்தொகுதி ஜாவாவுடன் வருவதன்று. டாம்கேட் சர்வரின் ‘லிப்’ கோப்புறையில் ‘சர்வ்லெட்-ஏபிஐ.ஜார்’ என்னும் பெயரில் உறைவது. அதன் இருப்பிடத்தைக் ‘கிளாஸ்பாத்’தில் குறித்தோம். மீண்டும் ‘இல்லை’! பழைய பாடநூலைப் பின்பற்றி அவர் ‘ஜாவாக்ஸ்.சர்வ்லெட்’ என்று எழுதியிருந்தார். 2020இல் வந்த ஜகார்த்தா இஇ 9 அப்பெயரை ‘ஜகார்த்தா.சர்வ்லெட்’ என மாற்றிவிட்டது. டாம்கேட் 10 முதல் புதுப்பெயரே செல்லும். பெயரை மாற்றியதும் நிரல் தொகுந்தது. சர்வரில் ஏற்றியதும் திரையில் வணக்கம் மலர்ந்தது. கணினி விற்பனையும் நின்றது.

மூன்று ‘இல்லை’களுள் ஒன்றேனும் அவ்விளைஞரின் அறிவைக் குறை கூறியதன்று. இரண்டு, வழி காட்டப்படாமையால் வந்தவை. ஒன்று, பெயர் மாறியதால் வந்தது. எனினும் ஊரை விட்டு வந்து, அயல்மொழியில் அச்சொல்லைக் காண்போர் அதனைத் தம் தகுதி மேல் எழுதிய தீர்ப்பாகக் கொள்கின்றனர். அவர்க்கு வேண்டுவது பெரும்பொருள் அன்று, “அது எங்கே தேடிற்று?” என்று அருகிருந்து கேட்கும் ஒருவரே. அன்பர்களே, கற்றோர் ஒவ்வொருவரும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு மணி நேரம் ஈந்தால் அத்துணை கிட்டும்.