தாயம் விழுந்தால் காய் இறங்கும்

ஆடி, முதல் ஞாயிறு

சக்குபள்ளத்தில் நாலு நாளாக விடாத சாரல். ஏலத்தோட்டத்து லயத்தின் கடைசி வீட்டுத் திண்ணையில் பதினோரு பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். காய் எடுப்பு தொடங்கிவிட்டது. ஏலச்செடியின் சரம் தூரடியில் மண்ணை ஒட்டிக் கிடக்கும். நாளெல்லாம் குனிந்தே இருக்க வேண்டும். அந்த முதுகோடு எழுத்துப் படிக்க வந்தவர்களுக்கு வகுப்பு உற்சாகமாக இருக்கட்டும் என்று ஒரு பந்து கொண்டுபோயிருந்தேன். கைதட்டல் நிற்கும்போது பந்து யார் கையில் இருக்கிறதோ அவர் அட்டையில் உள்ள எழுத்தை வாசிக்க வேண்டும்.

மூன்றாவது சுற்றில் பந்து, அவர்களில் ஒருவரான அம்மாச்சியிடம் நின்றது. அட்டையைப் பார்த்தார். பக்கத்தில் இருந்த மருமகளைப் பார்த்தார். பந்தை மெல்லத் தரையில் வைத்தார்.

"நாங்க என்ன அங்கன்வாடிப் பிள்ளைகளா டீச்சர்?"

கோபக் குரல் இல்லை அது. பத்துப் பேர் பார்க்க, தெரியாத ஒரு எழுத்தின் முன்னால் அவரை நான் தனியாக நிறுத்திவிட்டேன்.

புதன்

அந்தப் பந்து மனதை விட்டுப் போகவில்லை. பெரியவர்கள் எழுத்துக் கற்ற கதைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன்.

1991 ஏப்ரல் 18 அன்று கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தவர் மந்திரியல்ல. முதிய வயதில் எழுதப் படிக்கக் கற்ற மலப்புறத்துச் சேலக்கோடன் ஆயிஷா. அதே காலத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம். ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் பொறுப்பில் இருந்தபோது அங்கே எழுத்தோடு பெண்களுக்கு சைக்கிளும் பழக்கினார்கள். பாட்டு, வீதி நாடகம், விடுகதை எல்லாமே அறிவொளியில் இருந்தன. ஆனாலும் எனக்கு சைக்கிள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. மைதானத்தில் எல்லோரும் விழுந்தார்கள். ஆட்சியர் அலுவலகத்துக்காரம்மா விழுவதும் கல்குவாரிக்காரம்மா விழுவதும் ஒன்றுதான். விழாமல் சைக்கிள் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுத்து விஷயத்தில் மட்டும் அப்படி யாரும் நினைப்பதில்லை.

1963இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரெய்ரே சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரப் பாடத்தில் எழுத்துச் சொல்லிக்கொடுக்க முனைந்தார். அரிச்சுவடியில் தொடங்காமல், அவர்கள் வாயில் புழங்கும் சொற்களிலிருந்து தொடங்குவது அவர் வழி. நான் கொண்டுபோன அட்டையில் அம்மாச்சியின் சொல் எது இருந்தது?

ஆடி, இரண்டாம் ஞாயிறு

தரையில் கரிக்கட்டியால் ஐந்துக்கு ஐந்து கட்டம் கீறினேன். கட்டத்துக்கு ஓர் எழுத்து. ஒரு பக்கம் உரசிய நாலு புளியங்கொட்டை. மேல் லயம் ஒரு கட்சி, கீழ் லயம் ஒரு கட்சி. ஆட்டக் காய்க்கு ஏலக்காயையே வைத்துக்கொண்டார்கள்.

தாயம் விளையாட அவர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. எனக்குத்தான் வெட்டுக் கணக்கு சொல்லித்தந்தார்கள். நான் சேர்த்த விதி ஒன்றே: காய் எந்த எழுத்தில் நிற்கிறதோ அந்த எழுத்தில் தோட்டத்துச் சொல் ஒன்று சொல்ல வேண்டும். கட்சிக்காரர்கள் காதில் ஓதலாம்.

ச என்றதும் சரம். த, தட்டை. கா, காய். க வந்தபோது மூன்று பேர் சேர்ந்து 'கவாத்து' என்று கத்தினார்கள்.

அம்மாச்சியின் காய் ப-வில் நின்றது. "யானை" என்றார். எதிர்க்கட்சி ஆர்ப்பரித்தது. அம்மாச்சி புளியங்கொட்டையை எடுத்துப் பார்த்து, "இந்தக் கொட்டை சரியில்ல, மாத்துங்கடி" என்றார். பிறகு ப-வையும் ய-வையும் அருகருகே எழுதச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். "இதுக்கு வளைவு இருக்கு, அதுக்கு இல்ல. அம்புட்டுத்தானா?"

தப்பைக் கொட்டையின் மேல் போட்டுவிட முடிந்ததால்தான் அந்த எழுத்தை அவரால் நிதானமாகப் பார்க்க முடிந்தது என்று நினைக்கிறேன். பந்து அந்த வசதியைத் தரவில்லை. பெரியவர்களுக்கு விளையாட்டு பிடிக்காது என்று சொல்பவர்களிடம் இனி இதைத்தான் சொல்வேன்.

ஆடி, கடைசி ஞாயிறு

பல்லாங்குழி. பதினாலு குழி, குழிக்கு அஞ்சு முத்து. மொத்தம் எத்தனை என்றேன். "எழுபது" என்று உடனே வந்தது. அதை எழுத யாருக்கும் தெரியாது. குழிகளுக்குக் கீழே 70 என்று எழுதியபோது, "இதுதான் எழுபதா, இது பஸ்ஸுல பார்த்திருக்கேனே" என்றார் ஓர் அக்கா.

ஆட்டம் முடிந்ததும் அவர் தன் கூலிச் சிட்டையை எடுத்துவந்தார். அளவுக்கு மேல் எடுத்த காய்க்குக் கிலோக் கணக்கில் தனிக் காசு உண்டு. முத்துகளைக் குழியில் போட்டுப் போட்டு வாரக் கணக்கைச் சரிபார்த்தோம். மூன்று கிலோ சிட்டையில் ஏறவில்லை. மறுநாள் கேட்டாராம், எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எத்தனை வாரம் இப்படிப் போயிருக்கும் என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்று இரவு எனக்குத் தூக்கமும் இல்லை.

ஆவணி, முதல் ஞாயிறு

ஆலப்புழைக் கார்த்தியாயினி அம்மாவைப் பற்றிச் சொன்னேன். 2018இல், 96 வயதில், எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கியவர். அம்மாச்சி விரல்விட்டு எண்ணி, "அப்ப எனக்கு இன்னும் முப்பது வருசம் கெடக்கு" என்றார்.

பிறகு பேங்க் நாடகம். ஸ்டூல்தான் கவுண்டர். ஆபீசர் அம்மாச்சி. பணம் எடுக்க வந்தவர் அந்தச் சிட்டை அக்கா. முன்பு எங்கேயோ என்னவென்று தெரியாத காகிதத்தில் கைநாட்டு வைத்து வருஷக்கணக்கில் வட்டி கட்டியவர். இதை அவர் எங்களிடம் அதுவரை சொன்னதில்லை. நாடகத்தின் நடுவில்தான் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள்.

அம்மாச்சி காகிதத்தை நீட்டினார். அக்கா கட்டைவிரலை மடக்கிக்கொண்டார்.

"இதுல என்ன எழுதியிருக்குன்னு வாசிச்சுக் காட்டுங்க மேடம்."

"நீயே வாசி" என்றார் ஆபீசர்.

யாரும் காதில் ஓதவில்லை. அக்கா விரலை எழுத்தின் அடியில் வைத்தார். "ப... ண... ம்." விரல் நின்றது. மறுபடி நகர்ந்தது. "எ... டு..." சாரல் தகரத்தில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு முன்னால் அந்த வரியில் இன்னும் நாலு எழுத்து இருந்தது.