சுவரோரம்

ஊட்டி. டிசம்பர் கடைசி வாரம். காலை ஆறு மணி.

தெருவில் நிற்கும் கார்களின் கூரை வெளுத்திருக்கிறது. ஒரு டிரைவர் பழைய துணியால் முன்கண்ணாடியைத் தேய்க்கிறார். பனி தூளாக உதிர்கிறது. முனையில் நாலு பேர் சருகைக் கொளுத்திவிட்டு, நெருப்புக்கு உள்ளங்கை காட்டி நிற்கிறார்கள். யாரும் பேசுவதில்லை.

சரிவில் ஒரு ஓட்டு வீடு. பின்பக்கம் தோட்டம். மேலிருந்து கீழே மூன்று பாத்திகளாக இறங்குகிறது.

கீழ்ப் பாத்தி முழுக்க வெள்ளை. வேலியில் ஏறியிருந்த நாஸ்டர்ஷியம் கொடி சரிந்து கிடக்கிறது. அதன் வட்ட இலைகள் வெந்த கீரையின் நிறத்துக்கு வந்துவிட்டன. பக்கத்தில் ஒரு டேலியா. தண்டு கறுத்து மடிந்திருக்கிறது. நேற்று விரிந்த பூ தலைகீழாகத் தொங்குகிறது.

மேல் பாத்தியில் இன்னொரு டேலியா. கருங்கல் சுவரை ஒட்டி நிற்கிறது. இரண்டும் ஒரே கிழங்கிலிருந்து பிரித்து நட்டவை. இதில் மூன்று பூக்கள். ஒற்றை அடுக்கு. கருஞ்சிவப்பு இதழ்கள், நடுவில் மஞ்சள். இதழ் நுனியில் துளி துளியாக ஈரம். எதுவும் உறையவில்லை.

இரண்டு செடிகளுக்கும் நடுவே பத்துப் பன்னிரண்டு எட்டு தூரம்.

வழக்கமாக இங்கே நவம்பரில் நீர்ப்பனி இறங்கும். பின்னாலேயே உறைபனி வரும். வடகிழக்குப் பருவமழை நீண்டால் அந்தக் கணக்கு தள்ளிப்போகும். மேகம் மூடிய இரவுகளில் மண்ணின் சூடு அதிகம் மேலே போவதில்லை. மேகம் விலகி, நட்சத்திரம் தெளிவாகத் தெரியும் முதல் இரவில் அந்தச் சூடு வேகமாகப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்குகிறது. ஊட்டியின் பள்ளமான பகுதிகளான தலைகுந்தாவிலும் காந்தலிலும் புல் முதலில் வெளுப்பது இதனால்தான். இந்தத் தோட்டத்தில் கீழ்ப் பாத்திதான் பள்ளம்.

சுவர் தெற்குப் பார்த்தது. டிசம்பர் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறது. பகல் முழுக்கக் கல் வெயிலை வாங்கிக்கொள்கிறது. இரவில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது.

பின்கதவு திறக்கிறது. வயதான அம்மாள் ஒருவர் வெளியே வருகிறார். இரண்டு ஸ்வெட்டர். தலையைச் சுற்றிக் கம்பளித் துண்டு. காலுறை மேல் ரப்பர் செருப்பு.

நடுப் பாத்தியில் குச்சிகள் நட்டு, அவற்றின் மேல் கோணிச் சாக்குகள் போர்த்தப்பட்டிருக்கின்றன. அம்மாள் முதல் சாக்கைத் தூக்குகிறார். மேல்பக்கம் விறைத்திருக்கிறது. மடிக்க வரவில்லை. அப்படியே படலைப்போல நிமிர்த்தி ஓரமாகச் சாய்க்கிறார். உள்ளே ஜெரேனியம். இலைகள் பச்சையாக இருக்கின்றன. ஒரு கொத்துப் பூ, ஆரஞ்சு கலந்த சிவப்பு. அம்மாள் ஒரு இலையை விரலால் தடவிப் பார்க்கிறார். அடுத்த சாக்குக்குப் போகிறார்.

பிறகு பூவாளி. சாக்குக்கு வெளியே நின்ற செடிகளுக்கு மட்டும் தண்ணீர் தெளிக்கிறார். வெள்ளை கரைகிறது. உறைந்த இலையில் வெயில் நேராக விழுந்தால் இலை கருகிவிடும். அதற்கு முன்னால் பனியைக் கழுவிவிட வேண்டும். எதிர் மலையின் உச்சியில் வெயில் விழுந்தாயிற்று. மரவரிசை மரவரிசையாக இறங்குகிறது. ஒவ்வொரு பூவாளிக்கும் ஒரு முறை அம்மாள் நிமிர்ந்து அந்த மலையைப் பார்க்கிறார்.

அரசு தாவரவியல் பூங்காவிலும் இதே வேலைதான். 1848-இல் மெக்ஐவர் என்பவர் உருவாக்கத் தொடங்கிய பூங்கா. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. அங்கே செடிகளுக்கு மிலார் என்ற செடிதான் போர்வை. கோத்தகிரிப் பக்கமிருந்து வரும் மிலார்க் கொத்துகளை வரிசையாகச் சாய்த்து நாற்றுகளை மூடுகிறார்கள். புல்வெளியில் தெளிப்பான்கள் சுழல்கின்றன. மே மாத மலர்க் கண்காட்சிக்கான செடிகள் இந்தக் குளிரைத் தாண்டித்தான் போக வேண்டும்.

வெயில் தோட்டத்தைத் தொடுகிறது.

வேலிக்குக் கீழே நாலு வரிசைத் தேயிலை. கொழுந்துகள் செம்பழுப்பாகக் கருகியிருக்கின்றன. மேலே சுவர் மூலையில் கேமெலியா. இளஞ்சிவப்பு மொட்டுகள், விரிந்தவை ஐந்தாறு. தேயிலையும் கேமெலியாவும் ஒரே பேரினம். கேமெலியாவுக்குக் குளிர்காலம்தான் பூக்கும் பருவம். வழியில் போகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு நடக்கிறார்கள். டேலியாவைப் பார்த்தால் நிற்கிறார்கள்.

ஃபுக்சியாப் புதருக்கு வெள்ளைக்கண்ணிக் குருவிகள் வருகின்றன. கூட்டமாக வந்து, தலைகீழாகத் தொங்கி, பூவுக்குள் அலகை விட்டு, கூட்டமாகவே போகின்றன. இரண்டு பூக்கள் உதிர்கின்றன.

ஒன்பது மணிக்கு மேல் தேனீ. ஒன்று வருகிறது. பிறகு இன்னொன்று. டேலியாவின் மஞ்சள் நடுவில் இறங்கி வட்டமாகச் சுற்றுகிறது. பின்னங்கால்களில் மகரந்தம் உருண்டை கட்டுகிறது. பறக்கிறது. பாரம் தாங்காமல் சுவர்மேல் உட்காருகிறது. வெயிலில் சற்று நேரம். மறுபடி பறக்கிறது. கீழ்ப் பாத்தியில் ஒரு தேனீயும் இறங்கவில்லை.

அம்மாள் கத்திரியோடு கீழே இறங்குகிறார். கறுத்த டேலியாத் தண்டை மண்ணிலிருந்து ஒரு சாண் விட்டு வெட்டுகிறார். வெட்டிய இடத்தின் மேல் இரண்டு கூடை சருகு கொட்டிக் காலால் மிதிக்கிறார். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறது. இடத்துக்கு அடையாளமாக ஒரு குச்சி நடுகிறார்.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுப் பெண். இடுப்பில் குழந்தை. குழந்தையின் குல்லா கண்வரை இறங்கியிருக்கிறது.

“பெரியம்மா, எங்க வீட்டுல எல்லாம் போச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி இன்னும் பூக்குது?”

“எனக்கும் கீழ போச்சும்மா. இதோ வெட்டிப் போட்டிருக்கேன். சுவரோரம் இருந்தது தப்பிச்சுது.”

அம்மாள் நடுப் பாத்திக்கு ஏறுகிறார். ஜெரேனியத்தில் கணு பார்த்து மூன்று குச்சி வெட்டுகிறார். அடி இலைகளைக் கிள்ளுகிறார். செய்தித்தாளில் சுற்றி வேலிமேல் நீட்டுகிறார்.

“கேட்டுக்குக் கிட்ட வைக்காத. உங்க அடுப்படிச் சுவர் இருக்குல்ல, அதை ஒட்டி வை. ராத்திரி மூடு. காலையில மறக்காம எடு.”

பெண் தலையாட்டுகிறாள். குழந்தை பொட்டலத்தைப் பிடுங்குகிறது.

பக்கத்து வீட்டு வாசலில் ஆறு தொட்டிகள். கேட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. தெருவில் போகிறவர்கள் பார்க்க வைத்தவை. இரண்டில் இன்னும் பச்சை இருக்கிறது. அந்தப் பெண், குழந்தையைத் திண்ணையில் இறக்குகிறாள். அந்த இரண்டில் ஒன்றைத் தூக்கி, அடுப்படிச் சுவரோரம் வைத்துவிட்டு வருகிறாள். அடுத்தது சிமெண்ட் தொட்டி. அசையவில்லை. வீட்டுக்குள் பார்த்துக் கணவனைக் கூப்பிடுகிறாள். அவர் பிரஷ்ஷை வாயில் கடித்தபடி வந்து மறுபக்கம் பிடிக்கிறார்.