கால் திருகு

போன ஞாயித்துக்கிழமை பரணை ஒழிச்சுக்கிட்டிருந்தப்போ பழைய சூட்கேஸ் ஒண்ணுல இருந்து ஒரு இரும்புத் துண்டு விழுந்தது. உள்ளங்கை அகலம், முக்கால் கிலோ இருக்கும். "இந்தக் காயலாங்கடை சாமானைப் போயா அமெரிக்காவுல இருந்து தூக்கிட்டு வந்தீங்க?"ன்னு தங்கமணி கேட்டாங்க. ஆமான்னேன். கதையைச் சொல்லலை. இங்க சொல்லிடறேன். கொஞ்சம் நீளம், கொஞ்சம் டெக்னிக்கல். பொறுத்தருள்க.

கொசுவத்தி ஸ்டார்ட். வருஷம் 2007. மிச்சிகன்ல ஆணி பிடுங்கிக்கிட்டிருந்த நேரம். பக்கத்து வீட்ல ஒரு வெள்ளைக்காரப் பெரிசு இருந்தார். முப்பது வருஷம் டை மேக்கரா வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அவர் கராஜ்ல ஒரு 1991 மஸ்டாங். அவர் வாழ்க்கையில ஷோரூம்ல இருந்து புதுசா வாங்கின முதல் வண்டி. அஞ்சு லிட்டர் வி8 எஞ்சின். கம்பெனியில இருந்து வரும்போது 225 ஹெச்.பி.

அந்த வண்டிக்குப் பெரிசு டர்போ போட்டிருந்தார். அலுமினிய சிலிண்டர் ஹெட், வேற கேம்ஷாஃப்ட் எல்லாம் மாத்தியாச்சு. ஆனா பிளாக் மட்டும் வண்டியோட வந்த அதே பிளாக். அதுல ரொம்பப் பிடிவாதம். ஃபோர்டே ரேஸுக்குன்னு கனமான பிளாக் தனியா வித்துக்கிட்டிருந்தது. "அதைப் போட்டா அப்புறம் இது என் வண்டியா?"ம்பார். அதுக்கு மேல பேச்சில்லை.

எனக்கு இதுல என்ன வேலைன்னா, லேப்டாப். மெகாஸ்குவர்ட்னு ஒரு கிட் உண்டு. போர்டை நாமளே சால்டர் பண்ணி எஞ்சினுக்கு மூளையா மாட்டிக்கலாம். எவ்வளவு பெட்ரோல், எப்போ ஸ்பார்க்குன்னு எல்லாமே ஒரு டேபிள். பெரிசுக்குக் கம்ப்யூட்டர்னா அலர்ஜி. எனக்கு ஸ்பானர் பிடிக்கத் தெரியாது. ஜோடி பிரமாதமா அமைஞ்சது :-)

டிராக் ரேஸ் தெரியாதவங்களுக்கு: நேர் ரோடு, கால் மைல், அதாவது 402 மீட்டர். பச்சை லைட் விழுந்ததும் மிதிக்கணும். கடைசியில ஒரு சீட்டு தருவாங்க, அதுல உங்க நேரம் ஆயிரத்துல ஒரு செகண்ட் வரைக்கும் இருக்கும். பதினொண்ணுல ஆரம்பிக்கிற சீட்டு கிடைச்சா நல்ல வண்டி. பத்துல ஆரம்பிச்சா ஊர்ல நாலு பேர் திரும்பிப் பார்ப்பாங்க. பெரிசுக்கு வேண்டியது அந்தப் பத்து. 10.99 வந்தாக்கூடப் போதும். ஆனா அது அந்தப் பழைய பிளாக்லதான் வரணும்.

டர்போ கணக்கு சுலபம். நம்மைச் சுத்தி இருக்கிற காத்தோட அழுத்தம் 14.7 பி.எஸ்.ஐ. டர்போ அதுக்கு மேல இன்னொரு 14.7 தள்ளினா, ஏறக்குறைய ரெண்டு பங்கு காத்து உள்ள போகும். அதுக்கேத்த பெட்ரோல் ஊத்தினா ஏறக்குறைய ரெண்டு பங்கு பவர். எங்க எஞ்சின் டர்போ இல்லாம சுமார் 280 வரும்னு வச்சுக்கிட்டா, 10 பி.எஸ்.ஐ.யில 470 வரும். 12க்கு மேல போனா 500 தாண்டும்.

அந்த 500தான் சிக்கல். இந்த பிளாக் வச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் அதே நம்பர்தான் சொல்வாங்க: ஐந்நூறு. அதுக்கு மேல போனா ரெண்டாப் பிளக்கும். சும்மா பேச்சுக்கு இல்லைங்க, நிஜமாவே நடுவுல ரெண்டாப் பிளக்கும். சிலர் 600ல வருஷக்கணக்கா ஓட்டுவாங்க. சிலருக்கு 450லயே போயிடும்.

ஏன்னு தேடினப்போ 1962க்குப் போக வேண்டியிருந்தது. அந்த வருஷம் ஃபோர்டு ஃபேர்லேன் காருக்காக 221 கன அங்குல வி8 ஒண்ணு வந்தது. 145 ஹெச்.பி. அதோட பெருமையே எடை கம்மிங்கிறதுதான். அச்சுல ஊத்தும்போதே சுவரை மெல்லிசா ஊத்துற வித்தையை அதுல காட்டியிருந்தாங்க. அதே குடும்பம்தான் 260, 289ன்னு வளர்ந்து 1968ல 302 ஆச்சு. நாம சொல்ற அஞ்சு லிட்டர் அதுதான். வெறும் பிளாக் சுமார் 57 கிலோ. ஒல்லியா, லைட்டா, மலிவா, லட்சக்கணக்குல ஊத்தினது. அதுங்கிட்ட 500 கேட்டது நாங்க. பிளாக் மேல குத்தம் சொல்ல ஒண்ணும் இல்லை.

இந்த இடத்துலதான் எங்கப்பா வர்றார். கோயமுத்தூர் கணபதியில ஒரு பவுண்டரியில இருபத்தாறு வருஷம் மோல்டர். வாரம் ஒரு தடவை போன் பேசும்போது என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது. சாப்பிட்டியா, குளிரா, அவ்வளவுதான். ஒரு நாள் இந்த பிளாக் சமாச்சாரத்தைச் சொன்னேன். முக்கால் மணி நேரம் பேசினார்!

"காஸ்டயர்னை மேல இருந்து அமுக்கு கண்ணு, ஆனையை நிறுத்தினாலும் தாங்கும். ரெண்டு பக்கமும் புடிச்சு இழுத்தீன்னா மூணுல ஒரு பங்குகூடத் தாங்காது. உள்ளார பூரா கிராஃபைட்டு, செதில் செதிலா நிக்கும். ஒவ்வொரு செதிலும் ஒரு விரிசல் மாதிரித்தான்."

"எஞ்சின்ல அமுக்கறதுதானுங்ப்பா நடக்குது? வெடிச்சு பிஸ்டனைக் கீழ தள்ளுது."

"கீழ தள்ளுதல்லோ, அப்ப மேல ஹெட்டைத் தூக்காதா? ஹெட்டு மேல போகப் பாக்குது, கிராங்கு கீழ போகப் பாக்குது. நடுவால இருக்கற இரும்பு என்ன பண்ணும்? இழுபடும்."

போனை வச்சுட்டு கணக்குப் போட்டேன். பிஸ்டன் விட்டம் 101.6 மில்லிமீட்டர். மேல்பரப்பு 81 சதுர சென்டிமீட்டர். எரியும்போது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம்னு வச்சுக்கிட்டாலே எட்டு டன். ஒரு பிஸ்டன்ல, ஒரு வெடிப்புக்கு. இதுல வி8க்கு இன்னொரு கஷ்டம். சிலிண்டர்கள் ரெண்டு வரிசையா 90 டிகிரி பிரிஞ்சு நிக்குது. அதனால கிராங்கைத் தாங்கற சுவரை ஒரு தடவை இடது பக்கமும் ஒரு தடவை வலது பக்கமும் மாத்தி மாத்திப் பிரிக்கிற மாதிரி விசை வரும். அந்தச் சுவர்ல கிராங்கைப் பிடிச்சிருக்கிற ஒவ்வொரு கேப்புக்கும் ரெண்டே போல்ட். கிராங்கோட மையத்துக்கு வந்ததும் பிளாக் முடிஞ்சிடும், பக்கவாட்டு ஆதரவு கிடையாது. விரிசல் அந்த போல்ட் பக்கம் கிளம்பி கேம்ஷாஃப்ட் ஓட்டை வழியா மேல ஏறி, லிஃப்டர்கள் உட்கார்ந்திருக்கிற பள்ளத்துல வந்து நிக்கும்.

மத்த பிளாக் எல்லாம் எப்படித் தாங்குதுன்னு கேட்டீங்கன்னா, விடை இதே இடத்துலதான். ஜப்பான் சுப்ராவோட 2ஜேஇசட் மூணு லிட்டர்தான். ஆனா ஆறு சிலிண்டரும் ஒரே நேர்கோட்டுல, கிராங்குக்கு ஏழு பேரிங், கனமான இரும்பு. பிளாக்கை மாத்தாமலே ஆயிரம் ஹெச்.பி. எடுக்கறாங்க. 1999ல இருந்து ஜி.எம். லாரி வண்டிகள்ல வந்த 5.3 லிட்டர் இரும்பு பிளாக் கிராங்குக்கும் கீழ இறங்கி நிக்கும். ஒவ்வொரு கேப்புக்கும் ஆறு போல்ட், அதுல ரெண்டு பக்கவாட்டுல. காயலாங்கடையில கிடைக்கிற அந்த எஞ்சினுக்கு டர்போ போட்டு எங்க கனவையெல்லாம் சர்வ சாதாரணமா தாண்டிட்டாங்க.

அப்பா கடைசியா சொன்னது ஒண்ணு: "மைல்டு ஸ்டீலு வளைஞ்சு காட்டும், நாம சுதாரிச்சுக்கலாம். காஸ்டயர்ன் காட்டாது. சொல்லாம கொள்ளாம போயிரும்."

பெரிசுகிட்ட சொன்னேன். தலையாட்டினார். அன்னிக்கே ஒரு சட்டம் போட்டார். பத்து பி.எஸ்.ஐ. அதுக்கு மேல ஒரு நூல்கூடக் கூடாது.

ஆகஸ்ட் மாசம் ஒரு சனிக்கிழமை. ஆன் ஆர்பருக்குத் தெற்கே மிலன்னு ஒரு சின்ன ஊர், அங்கதான் டிராக். நல்ல வெயில். முதல் ஓட்டம் 11.08. பெரிசு சீட்டைப் பார்த்தார், மடிச்சு பாக்கெட்ல வச்சார். "ஐஸ் வாங்கிட்டு வரேன்"னு போனார். டர்போ காத்தைக் குளிர வைக்கிற தொட்டிக்குப் போடற ஐஸ்.

நான் தனியா நின்னேன். பானெட் திறந்திருந்தது. டர்போவுக்குப் போற புகையில ஒரு பகுதியை வெளிய திருப்பி விட வேஸ்ட்கேட்னு ஒரு கதவு உண்டு. அது எப்போ திறக்கணும்னு ஒரு சின்ன பித்தளைத் திருகு முடிவு பண்ணும். எட்டு பைசா மாதிரி... பத்துல ஒரு செகண்டுகூட வேண்டாம், அதுக்கும் கம்மிதான் பாக்கின்னு மனசு சொல்லிச்சு. வெயிலுக்கு எப்படியும் பூஸ்ட் கொஞ்சம் கம்மியாத்தான் நிக்கும்னு நானே எனக்கு ஒரு காரணமும் சொல்லிக்கிட்டேன்.

கால் திருகு திருகினேன். அவ்வளவுதான். பெரிசு ஐஸோட வந்தப்போ லேப்டாப்பைப் பார்த்துக்கிட்டிருந்தேன்.

ரெண்டாவது ஓட்டம் 10.87.

வண்டி கோட்டைத் தாண்டும்போதே பின்னாடி வெள்ளைப் புகை. பெரிய சத்தம் எதுவும் இல்லை. அப்பா சொன்ன மாதிரியேதான். எண்ணெயும் தண்ணியும் ரோட்ல சிந்தி, அதைத் துடைக்க நாப்பது நிமிஷம் டிராக்கை மூடினாங்க. வரிசையில நின்ன அத்தனை பேரும் எங்களைப் பார்த்துக்கிட்டிருந்தாங்க. பெரிசு கையில சீட்டு. சிரிச்சுக்கிட்டிருந்தார். கண் மட்டும் சிரிக்கலை.

அன்னிக்கு ராத்திரி லேப்டாப்ல அந்த ஓட்டத்தோட லாக்கைத் திறந்தேன். 187 கிலோபாஸ்கல். அப்படீன்னா 12.4 பி.எஸ்.ஐ. நாக் இல்லை, பெட்ரோல் கலவை சரி, ஸ்பார்க் சரி. என் டேபிள் எல்லாம் அழகா இருந்தது. நல்ல ட்யூன் பிஸ்டனைக் காப்பாத்தும். எட்டு டன் இழுப்புல இருந்து பிளாக்கைக் காப்பாத்தாது. ஃபைலை அழிச்சேன். கேட்டா "பேட்டரி போயிடுச்சு"ன்னு சொல்லலாம்னு ஒரு பொய்யும் தயார். பெரிசு கேக்கவே இல்லை.

அடுத்த வாரம் எஞ்சினைப் பிரிச்சோம். லிஃப்டர் பள்ளத்துல தலைமுடி மாதிரி ஒரு கோடு, முன்னாலயிருந்து பின்னால வரைக்கும். பெரிசு ஆப்பு வச்சு சம்மட்டியால ஒரு தட்டு தட்டினார். பதினாறு வருஷம் கூட இருந்த பிளாக் ரெண்டா விழுந்தது. ஒரு துண்டை எடுத்து என் கையில கொடுத்தார். பரண்ல இருந்து விழுந்தது அதுதான்.

உடைஞ்ச முகத்தைப் போட்டோ எடுத்து என் தம்பிக்கு மெயில் அனுப்பி, அப்பாகிட்ட காட்டச் சொன்னேன். ராத்திரி போன் வந்தது.

"பாதி கறுத்திருக்குது, பாதி பளிச்னு இருக்குது பாரு. கறுத்த எடம் பழைய விரிசல். எண்ணெய் உள்ள போயி ஊறிக் கிடக்குது. பளிச்னு இருக்கறதுதான் அன்னைக்கு விட்டது. அது எப்பவோ விட ஆரம்பிச்சுருச்சு சாமி."

அதாவது பத்து பி.எஸ்.ஐ.யிலயே ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு துளி வளர்ந்துக்கிட்டிருந்திருக்கு. 500ங்கிற நம்பர் சுவர் மாதிரி எங்கயோ நிக்குதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தோம். அது கந்துவட்டி மாதிரி. முதல் ஓட்டத்துல இருந்தே ஏறிக்கிட்டிருந்திருக்கு. ஒருத்தருக்கு 600, ஒருத்தருக்கு 450ன்னு வர்றதோட ரகசியத்துல இதுவும் ஒண்ணு: யார் எத்தனை தடவை கடன் வாங்கினாங்க.

இது எனக்கு ஆறுதலா இருந்திருக்கணும். இல்லை. கறுத்த பாதி எப்பவோ நடந்தது. பளிச்னு இருக்கிற பாதி என்னோடது.

2010ல ஊருக்கு வந்துட்டேன். 2014ல அப்பா போயிட்டார். அந்தத் திருகைப் பத்தி அவர்கிட்டயும் சொல்லலை. 2019ல ஆபீஸ் வேலையா டெட்ராய்ட் போனப்போ பெரிசைப் பார்க்கப் போனேன். எழுபத்தஞ்சு வயசு. மஸ்டாங்குல இப்போ கனமான பிளாக். கராஜ் சுவத்துல கண்ணாடி போட்டு 10.87 சீட்டு.

காபி குடிக்கும்போது சொல்லிட்டேன். திருகு, ஃபைல், பேட்டரிப் பொய், எல்லாம்.

கொஞ்ச நேரம் கப்பையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம், "பூஸ்ட் மீட்டர் எங்க இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"ன்னார்.

ஸ்டியரிங்குக்கு இடது பக்கம், கண்ணாடித் தூண்ல. ஓட்டறவர் கண்ணுக்கு நேரா.

"மூணாவது கியர்ல முள்ளு பன்னெண்டைத் தாண்டுச்சு. பார்த்தேன். காலை எடுக்கலை."

அவ்வளவுதான் சொன்னார். இன்னொரு கப் காபி ஊத்தினார்.

துண்டை எண்ணெய் தடவி திரும்ப சூட்கேஸ்லயே வச்சுட்டேன். தங்கமணி இதைப் படிச்சா காரணம் புரியும்.