எப்போதிலிருந்து

கரிசலில் விவசாயம் பார்த்தவர்களுக்கு மண்ணிலுள்ள உப்பைக் கண்ணால் படிக்கத் தெரியும். மழை பெய்து காய்ந்த பின் நிலத்தின் மேல் சாம்பல் தூவியதுபோல் வெள்ளை பூத்தால் அது உவர். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலேயே தேங்கி நின்று, காய்ந்ததும் மண் கல்லாக இறுகினால் அது களர். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுதி. நல்ல தண்ணீர் கட்டி வடித்தால் தெளியும். களரில் சோடியம் மண்ணின் துகளோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறும் தண்ணீருக்கு அது அசையாது, ஜிப்சம் இட்டு விலக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வைத்தியம் செய்பவன் நிலத்தைக் கெடுப்பான். கோவில்பட்டியில் நூற்றாண்டைக் கடந்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. மண்ணைச் சோதித்து எண்ணாகச் சொல்ல இன்று பல வசதிகளும் இருக்கின்றன. ஆயினும் எந்த வயலின் மண்ணைச் சோதனைக்கு எடுக்க வேண்டும் என்பதை முதலில் சொல்வது அந்த வயலில் நடக்கிறவனின் கண்தான்.

மனித உடம்பிலும் இதுவே நிலை என்பதை எங்கள் சின்னையா மருத்துவமனையில் கிடந்த நாட்களில் அறிந்துகொண்டோம்.

சின்னையாவுக்கு அப்போது 78 வயது. கோவில்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம். ரத்த அழுத்தத்திற்காக நீரைப் பிரிக்கும் மாத்திரை ஒன்று எடுத்துவந்தார். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால் நீச்சுத்தண்ணியில்கூட உப்புக் கல் போடுவதை நிறுத்தியிருந்தார். சித்திரை வெயில் கடுமையாக இருந்தது. வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். அவரும் செம்பு செம்பாகக் குடித்தார். பசி மட்டும் குறைந்துகொண்டே வந்தது. மூன்றுமே தனித்தனியாகப் பார்த்தால் நியாயமான காரியங்கள். மூன்றும் ஒரே வயதான உடம்பில் சேர்ந்தபோது ரத்தத்தில் சோடியம் இறங்கத் தொடங்கியது.

முதலில் நடை தள்ளாடியது. பிறகு வாந்தி வருவதுபோல் உமட்டல். பிறகு பேச்சு. முதலில் கொண்டுபோன தனியார் மருத்துவமனையில், வயதாகிவிட்டது, மறதி நோயின் ஆரம்பம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்கள். சின்னம்மா மட்டும் அதை ஒப்பவில்லை. அன்று இரவே வேறொரு மருத்துவமனைக்குப் போனோம். அங்கே பணியிலிருந்த இளம் மருத்துவர் சின்னையாவின் கண்ணையும் கையையும் பார்த்துவிட்டு, எங்களைப் பார்க்காமல் சின்னம்மாவிடம் திரும்பி, "எப்ப இருந்தும்மா இப்படி இருக்கார்?" என்று கேட்டார்.

"திங்கக்கெழமை மத்தியானம் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாகம்மா. பருத்தி எடுத்த ஆளுகளுக்குக் கூலிபாக்கி எவ்வளவுன்னு நோட்டைப் பாக்காம வாயாலயே சொன்னாக. செவ்வாக்கெழமை ராத்திரி என்னையப் பாத்து, 'அக்கா, நீ எப்ப வந்தே'ன்னு கேக்காக. அவுக அக்கா செத்துப் பத்து வருசமாச்சு."

மருத்துவர் அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் எழுதினார். மறதி நோய் இரண்டு நாளில் வராது. மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் ஊர்ந்து வருவது அது. திங்களுக்கும் செவ்வாய்க்கும் இடையில் ஒரு மனிதரின் புத்தி தடுமாறுகிறது என்றால் கிருமியோ, மருந்தோ, சர்க்கரையோ, உப்போ ஏதோ ஒன்று உள்ளே புகுந்து கலைக்கிறது என்று பொருள். ரத்தம் எடுத்தார்கள். சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். சின்னையாவுக்கு 112 இருந்தது.

"உப்பு இறங்கிவிட்டது" என்று வார்டில் எல்லோரும் சொல்கிறார்கள். எளிய சொல்தான், ஆனால் பாதி உண்மையே அதில் இருக்கிறது. அந்த எண் உடம்பிலுள்ள உப்பின் இருப்பைக் காட்டுவதில்லை; உப்புக்கும் தண்ணீருக்கும் உள்ள விகிதத்தைக் காட்டுகிறது. இதயம் பலவீனமாகிக் கால் வீங்கியவருக்கும் சோடியம் குறைவாக வரும். அவர் உடம்பில் உப்பு தேவைக்கு மேல் இருக்கிறது, தண்ணீர் அதைவிட அதிகமாகத் தங்கியிருக்கிறது. அவருக்கு உப்பைக் கரைத்துக் கொடுப்பது தீங்கு. வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவருக்கோ உப்பும் தண்ணீரும் சேர்த்துத் தர வேண்டும். எண் ஒன்றே, நிலம் வேறு. உவரும் களரும்போல.

ரத்தம் நீர்த்துப்போகும்போது தண்ணீர் செல்களுக்குள் நுழைகிறது. மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினால் தாங்கும். மண்டையோட்டுக்குள் மூளைக்கு விரிய இடமில்லை. அதனால்தான் உப்பின் குறை நாக்கில் தெரியாமல் நடையிலும் பேச்சிலும் உறக்கத்திலும் தெரிகிறது. இன்னும் இறங்கினால் வலிப்பு, பிறகு நினைவிழப்பு.

காரணம் தெரிந்த பின் உடனே சரிசெய்துவிடலாம் என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. மருத்துவர் அவசரப்படவில்லை. நீர் மாத்திரையை நிறுத்தினார்கள். மூன்று சதவீத உப்புநீரைச் சிறிதளவே ஏற்றினார்கள். குடிக்கும் தண்ணீரை டம்ளரால் அளந்தார்கள். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்தார்கள். "ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல ஏறவிடக் கூடாது. வேகமா ஏத்தினா மூளையில வேற பிரச்சினை வந்துரும்" என்றார். குறைந்த உப்புக்கு மெல்ல மெல்லப் பழகிக்கொண்ட மூளையில் திடீரென்று உப்பை உயர்த்தினால் நரம்புகளின் மேலுறை சிதைந்துபோகும். பேச்சும் விழுங்குதலும் கைகாலும் போய்விடும். 1959இல் அமெரிக்க மருத்துவர்கள் இந்தச் சிதைவை முதலில் விவரித்தார்கள். சோடியத்தை அவசரமாகத் திருத்துவதே அதன் முக்கியக் காரணம் என்று புரிய மேலும் இருபதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 112, மறுநாள் 118, அதற்கு மறுநாள் 124. ஒவ்வொரு நாளும் ஆறு படி. எங்கள் வாழ்வில் எண்களை இத்தனை பொறுமையுடன் நாங்கள் எண்ணியதில்லை.

காத்திருந்த அந்த நாட்களில் பக்கத்துக் கட்டில்களும் எங்களுக்குப் பாடமாயின. தீப்பெட்டி ஆலையில் வேலை பார்க்கும் ஒரு பெண் மூன்று நாள் வயிற்றுப்போக்குக்குப் பிறகு எழுந்து நிற்க முடியாமல் வந்திருந்தார். காலில் வாதம் விழுந்துவிட்டதென்று வீட்டார் அழுதார்கள். பொட்டாசியம் குறைந்ததால் தசைகள் சோர்ந்திருந்தன. அதை ஏற்றியதும் இரண்டாம் நாள் நடந்தார். நேர் எதிர்க் கட்டிலில் சிறுநீரகம் பழுதான ஒருவர். வெயிலுக்குக் குளிர்ச்சி என்று இளநீர் குடித்து வந்திருந்தார். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. நல்ல சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும், பழுதானது தேக்கிக்கொள்ளும். அவருக்கு வெளியே தெரிந்த அறிகுறி அசதி ஒன்றுதான். இ.சி.ஜி. தாளில் அலைகள் கூடாரம்போல் கூம்பி நின்றதைக் கண்டதும் செவிலியர் ஓடினார். இதயத்தைக் காக்கக் கால்சிய ஊசி, பொட்டாசியத்தைச் செல்லுக்குள் தள்ள இன்சுலினும் குளுக்கோஸும், பிறகு டயாலிசிஸ். ரத்தத்திலே 3.5 முதல் 5 வரை மட்டுமே இருக்க வேண்டிய ஒரு பொருள் சில புள்ளிகள் ஏறினால் இதயம் நின்றுவிடுகிறது.

மூன்றாவது ஒருவர் மேல்மூச்சு வாங்க வந்தார். இளைப்பு நோய் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஆனால் இளைப்புக்காரர் மூச்சை விடத் திணறுவார், சீழ்க்கை கேட்கும். இவருடைய மூச்சோ தடையின்றி, ஆழமாக, நெடுந்தொலைவு ஓடி வந்தவருடையதைப் போல் ஓயாமல் வந்தது. சர்க்கரை நோய்க்கு இன்சுலினை நிறுத்தியிருந்தார். ரத்தத்தில் அமிலம் ஏறியிருந்தது. ரத்தத்தின் காரத்தன்மை 7.35க்கும் 7.45க்கும் இடையிலுள்ள ஒரு சிறு இடைவெளிக்குள் நிற்க வேண்டும். அமிலம் கூடினால் நுரையீரல் கரியமில வாயுவை வேகவேகமாக வெளியேற்றி அதை ஈடுகட்டப் பார்க்கும். அந்த மூச்சு நோயன்று. உடம்பு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்யும் உழைப்பு. 1874இல் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் நோயாளிகளின் மூச்சைக் கவனித்தே இதை எழுதிவைத்தார். மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்து அமில அளவைச் சொல்லும் கருவி அப்போது இல்லை.

இந்த அறிவு பிறந்ததே இப்படித்தான். 1831இல் இங்கிலாந்தில் காலரா பரவியபோது, ஓஷாக்னெஸ்ஸி என்ற இளைஞர் நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்து, அது தண்ணீரையும் உப்பையும் காரத்தையும் இழந்திருப்பதைக் கண்டார். மறு ஆண்டே தாமஸ் லாட்டா என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் உப்புநீரை நேரடியாக நரம்பில் செலுத்தினார். ஓஷாக்னெஸ்ஸி பின்னர் கல்கத்தாவுக்கு வந்தார். 1850களில் இந்தியாவின் தந்திக் கம்பிகளை நிறுவியவரும் அவரே. மருத்துவ உலகமோ அவர் சொன்னதை ஏறக்குறைய மறந்துபோயிற்று. 1971இல் வங்க அகதிகள் முகாமில் காலரா வந்து, நரம்பில் ஏற்றும் பாட்டில்கள் தீர்ந்தபோது, திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் சோடா உப்பும் கலந்த நீரை உறவினர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் செய்தார். அவ்வாறு குணப்படுத்தப்பட்டவர்களில் இறப்பு நூற்றுக்கு நான்கிற்கும் குறைவாக இறங்கியது. படிக்காத தாய்மாருக்கும் இதைச் செய்ய முடியும் என்று அவர் நம்பியதுதான் அதில் பெரிய கண்டுபிடிப்பு என்று எங்களுக்குத் தோன்றுகிறது. இன்று மருந்துக் கடையில் கிடைக்கும் 20.5 கிராம் பொட்டலம் அந்த வழியில் வந்தது. அது ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் விகிதம் கெடும்.

விகிதம் என்ற சொல்லுக்கே திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது. எங்கள் மண்ணில் கம்மங்கூழிலும் நீச்சுத்தண்ணியிலும் உப்பும் நீரும் சேர்ந்தே இருந்தன. அழுத்த நோய்க்கு உப்பைக் குறைப்பது சரியான மருத்துவம்தான். அதில் எங்களுக்கு ஐயமில்லை. வெயிலில் தண்ணீர் குடிப்பதும் சரியே. ஆனால் கோடை வந்ததும் மாத்திரையையும் தண்ணீரையும் உணவையும் ஒன்றாக வைத்து யாராவது ஒருமுறை பார்க்க வேண்டும். வயதானவர்களுக்கு நீர் மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சோடியம் பார்ப்பது எளிய, செலவு குறைந்த சோதனை.

கரிசல் வழக்குச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார் கி.ரா. அவருடைய இடைசெவல் இங்கிருந்து கூப்பிடு தூரம். கிறுகிறுப்பு, உமட்டல், கெண்டைக்கால் இழுப்பு, அசதி, மேல்மூச்சு, "ஆளு ஒரு மாதிரியா இருக்காக" என்று எங்கள் பெண்கள் சொல்கிற சொற்களுக்கும் மருத்துவக் கல்லூரிகளில் ஓர் அகராதி தேவைப்படுகிறது. மருத்துவர் ஒரு நோயாளியை ஐந்து நிமிடம் பார்க்கிறார். அவருக்கு அந்த மனிதரின் வழக்கமான பேச்சு தெரியாது. நாற்பது ஆண்டு கூட இருந்தவளுக்குத் தெரியும். ஆகவே துணைக்கு இருப்பவர் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். எப்போதிலிருந்து, அதற்கு முன் எப்படி இருந்தார், என்னென்ன மாத்திரை, எவ்வளவு தண்ணீர், எத்தனை தடவை வயிறு போயிற்று, சிறுநீர் போகிறதா. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோக வேண்டும்.

நான்காம் நாள் சோடியம் 130 வந்தது. விடியற்காலையில் சின்னையா கண்ணைத் திறந்து கொஞ்ச நேரம் மோட்டைப் பார்த்தார். பிறகு சின்னம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். "மாடத்தி வீட்டுக்குக் கூலிபாக்கி நூத்தி எம்பது. குடுத்தியா?"

சின்னம்மா பதில் சொல்லவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு மருத்துவரைக் கூப்பிட எழுந்து போனார்.