வெள்ளைச் சுவரும் மேல்காற்றும்

வீட்டில் புரொஜெக்டர் வைக்க வேண்டும் என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். இந்தக் கருவி வெளிச்சத்தை மட்டுமே தரும், கருப்பைத் தராது. படத்தில் வரும் இரவும் கூந்தலும் நிழலும் எவ்வளவு கருப்பாகத் தெரியும் என்பதை முடிவு செய்வது உங்கள் சுவரில் அப்போது இருக்கும் இருட்டு. அதனால் படத்தில் பாதி கருவியிலிருந்து வருகிறது, மறுபாதி அறையிலிருந்து. எங்கள் ஊரான சாயர்புரத்தில் அறை என்று சொன்னால் நாலு சுவரோடு முடிவதில்லை. தேரி என்னும் மணல்மேட்டிலிருந்து வரும் செம்மண் தூசியும், கொண்டல் என்னும் கீழ்க்காற்று கொண்டுவரும் உப்பு ஈரமும், மொட்டை மாடி வழியாக இறங்கும் சூடும் அந்த அறைக்குள் சேர்த்திதான்.

முதலில் வெளிச்சக் கணக்கு. 100 அங்குலப் படம் என்பது மூலைக்கு மூலை அளவு. அகலம் 7 அடி 3 அங்குலம், உயரம் 4 அடி 1 அங்குலம், பரப்பு 2.76 சதுர மீட்டர். திரையரங்குகளுக்கு உலக அளவில் வைத்திருக்கும் வெளிச்ச அளவு 48 நிட்ஸ். நல்ல வெள்ளைச் சுவரில் இந்தப் பரப்புக்கு அந்த வெளிச்சம் கிடைக்கச் சுமார் 415 லூமன் போதும். சுவரின் குறை, லென்ஸில் படியும் தூசி, விளக்கின் வயது எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சேர்த்து 500 என்று வைத்துக்கொள்ளலாம். படத்தை 120 அங்குலமாக்கினால் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். லூமனும் அதே மடங்கில் கூட வேண்டும். பெட்டியின் மேல் 9000 லூமன், 12000 லூமன் என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ‘ஆன்சி’ அல்லது ‘ஐஎஸ்ஓ’ என்ற சொல்லோடு வரும் லூமன்தான் அளந்த லூமன். அதேபோல ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தை வாங்கிக்கொள்ளும் என்று மட்டுமே பொருள். ‘நேட்டிவ்’ என்று போட்டிருக்கும் எண் எதுவோ அதுதான் சுவரில் விழும் புள்ளிகளின் எண்ணிக்கை.

அந்த 500 லூமன் நம் சுவரில் ஏறக்குறைய 180 லக்ஸாக விழும். கூடத்தில் டியூப்லைட் எரிந்தால் அதே சுவரில் 50 லக்ஸ் சாதாரணமாக விழும். அப்போது படத்தின் கருப்பு 50, வெள்ளை 230. ஐந்துக்கு ஒன்று என்ற வித்தியாசம்கூட மிஞ்சாது. டியூப்லைட்டை அணைத்துவிட்டு, தெருவிளக்கு எட்டிப் பார்க்கும் ஜன்னலுக்குக் கெட்டித் திரை போட்டால் அதே கருவி வேறு கருவியாகத் தெரியும். கூடுதல் லூமனுக்குக் கொடுக்கும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு திரைத்துணிக்குக் கொடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான்.

நம் நாட்டில் படம் காட்டுகிறவர்கள் தொடக்கத்திலிருந்தே இடத்துக்குத் தக்கபடி கருவியை நடத்தியவர்கள். திருச்சியில் ரயில்வே வேலையில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் அடித்துக் காட்டினார். 1914இல் கோவையில் வெரைட்டி ஹால் கட்டினார். கூடாரத்தை எங்கே அடிப்பது, எந்தப் பக்கம் காற்று, மழை வந்தால் என்ன செய்வது என்பதெல்லாம் படத்தைப் போலவே அவருக்கு முக்கியமாக இருந்திருக்கும். வீட்டுக் கூடத்தில் படம் ஓட்டுகிற நமக்கும் அந்தக் கவலைகள்தான் சிறிய அளவில் இருக்கின்றன.

இனி சுவர். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுண்ணாம்பு அடித்த சுவர் இன்னும் உண்டு. பளபளப்பு இல்லாத அந்த வெண்மை ஒளியை எல்லாப் பக்கமும் சமமாகப் பரப்பும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் நடுவில் இருப்பவருக்கும் படம் ஒரே மாதிரி தெரியும். ஆனால் சுண்ணாம்பு உதிரும். உதிர்ந்த பொடியைக் கருவியின் விசிறி உள்ளே இழுக்கும். ஆகவே சுவரைத் தேய்த்து, பட்டி பார்த்து, பளபளப்பில்லாத வெள்ளை எமல்ஷன் இரண்டு பூச்சு அடிப்பது நல்லது. அடித்து முடித்ததும் டார்ச் லைட்டைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். மேடு பள்ளம் அத்தனையும் நிழலாகத் தெரியும். அங்கே மறுபடியும் பட்டி பார்க்க வேண்டும். படத்தைச் சுற்றி நாலு விரல் அகலத்துக்குக் கருப்பு வெல்வெட் துணி ஒட்டிவிட்டால், ஓரத்தில் கசியும் ஒளியை அது விழுங்கிவிடும். கண்ணுக்கும் படம் இன்னும் அழுத்தமாகத் தெரியும்.

அடுத்தது கருவியை வைக்கும் இடம். ஒவ்வொரு கருவிக்கும் ‘த்ரோ’ என்று ஒரு எண் உண்டு. அது 1.2 என்றால் படத்தின் அகலத்தை 1.2ஆல் பெருக்கிய தூரத்தில் லென்ஸ் இருக்க வேண்டும். 100 அங்குலப் படத்துக்கு அது 8 அடி 8 அங்குலம். கூடத்தை அளந்து பார்த்த பிறகுதான் கடைக்குப் போக வேண்டும். படத்தின் உயரத்துக்கு வெளிநாட்டுக் கையேடுகள் சொல்லும் கணக்கு சோபாவில் உட்காருபவர்களுக்கானது. நம் வீட்டில் பாய் விரித்துத் தரையில்தான் அமர்வோம். கண் தரையிலிருந்து சுமார் இரண்டரை அடி உயரத்தில் இருக்கும். படத்தின் கீழ் விளிம்பு ஒன்றரை அடியில் தொடங்கினால் கழுத்து நோகாது. பத்தடி தள்ளிப் பாயை விரிக்கலாம்.

கூரையில் தொங்கவிடுவதுதான் அழகு என்று பலரும் நினைக்கிறார்கள். சித்திரை, வைகாசியில் கான்கிரீட் கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரி பத்து மணி வரை கீழே விட்டுக்கொண்டிருக்கும். கூரைக்கு அடியில் ஒரு முழத்துக்குள் நிற்கும் காற்றுதான் அறையிலேயே சூடானது. அங்கே தொங்கும் கருவி அந்தக் காற்றை இழுத்துத்தான் தன்னைக் குளிரவைக்க வேண்டும். இது போதாதென்று கூரை விசிறியின் அதிர்வு படத்தை நடுங்க வைக்கும். ஒளி இறக்கைக்குள் புகுந்து போனால் படம் வெட்டி வெட்டித் தெரியும். பின்சுவரில் விசிறி இறக்கைக்குக் கீழே வருமாறு கனமான மரப்பலகை அடித்து, பின்புறமும் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கருவியை வைப்பதே எங்கள் ஊருக்குச் சரியான ஏற்பாடு. படம் ஓடும்போது தரையில் ஒரு டேபிள் ஃபேன் போதும்.

பலகையை ரசமட்டம் வைத்து நேராக்குங்கள். லென்ஸ் சுவருக்கு நேர் எதிரே இருக்கட்டும். கோணலாக வைத்துவிட்டு ‘கீஸ்டோன்’ பட்டனால் நேராக்கினால் படம் செவ்வகமாகத் தெரியும், உண்மைதான். ஆனால் அந்தச் செவ்வகத்துக்கு வெளியே விழும் புள்ளிகளைக் கருவி அணைத்துவிடுகிறது; மீதிப் புள்ளிகளுக்குள் படத்தை நசுக்கித் திணிக்கிறது. எழுத்துகளின் விளிம்பு மங்குவதற்கு முதல் காரணம் இதுதான்.

ஃபோகஸை உடனே திருகாதீர்கள். கருவியைப் போட்டுக் கால் மணி நேரம் ஓட விடுங்கள். சூடேறும்போது லென்ஸும் அதைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக்கும் லேசாக விரியும். விலை குறைந்த எல்இடி கருவிகளில் இது நன்றாகவே தெரியும். சூடு நிலைத்த பிறகு, சிறிய எழுத்துகள் உள்ள ஒரு பக்கத்தைச் சுவரில் காட்டி, சுவருக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று சொல்ல, இன்னொருவர் வளையத்தைத் திருக வேண்டும். நடுப்பகுதி கூர்மையாகும் இடத்தில் ஒருமுறை நிறுத்தி, நாலு மூலையையும் பார்த்து, நடுவுக்கும் மூலைக்கும் பொதுவான இடத்தில் விட்டுவிட வேண்டும்.

கருப்பைச் சரிசெய்ய நான் போடும் படம் எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’. 1954இல் வந்த, பாட்டே இல்லாத படம். காட்சிக்குக் காட்சி நிழலும் வெளிச்சமும் மாறி மாறி வரும். பழைய சட்டகம் என்பதால் இரு பக்கமும் கருப்புப் பட்டை விழும். சரிபார்க்க அதுவும் உதவி. ‘பிரைட்னஸ்’ என்ற பட்டன் உண்மையில் கருப்பை ஏற்றி இறக்குவது. பக்கப் பட்டை சாம்பலாக வெளுத்தால் இறக்குங்கள். நிழலில் நிற்பவரின் கோட்டு மடிப்பு மறைந்துபோனால் ஏற்றுங்கள். ‘கான்ட்ராஸ்ட்’ வெள்ளைக்கானது. வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் கரைந்துபோகாத மட்டும் அதைக் கூட்டலாம். இந்த இரண்டும் சரியாக அமைந்துவிட்டால் நிறங்களைப் பெரும்பாலும் தொடவே வேண்டாம். ‘சினிமா’ என்றிருக்கும் அமைப்பு போதும்.

மெர்குரி விளக்கு உள்ள கருவி வைத்திருப்பவர்கள் கரண்டில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். எரியும்போது அந்தச் சின்னக் குப்பிக்குள் வளிமண்டலத்தைப் போல 200 மடங்கு அழுத்தம் இருக்கும். அணைத்த பிறகும் விசிறி ஓடி அதைக் குளிர்விக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கிவிடும். விளக்கின் ஆயுள் குறைவது இப்படித்தான். கரண்ட் வந்ததும் உடனே போட்டாலும் எரியாது. குளிர்ந்து அழுத்தம் இறங்க வேண்டும். ஆகவே சைன் வேவ் இன்வெர்ட்டரின் இணைப்பிலிருந்துதான் அதற்குக் கரண்ட் எடுக்க வேண்டும். எல்இடி, லேசர் கருவிகளுக்கு இந்தக் கண்டிப்பு குறைவு. ஆயுளும் 20,000 மணி நேரத்தை எட்டும் என்று சொல்கிறார்கள். ஆனாலும் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு பார்த்துவிடுவது எல்லாவற்றுக்கும் பொது.

இப்போது தூசி. எங்கள் ஊரைச் சுற்றியுள்ள தேரி, காற்று குவித்த மணல். இரும்பு ஆக்சைடு பூசியதால் சிவந்தது. ஃபிரெடரிக் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் திருநெல்வேலிச் சீமையின் கற்கருவி இடங்களைப் பற்றி 1956இல் எழுதியபோது சாயர்புரம் தேரியையும் அவற்றோடு சேர்த்தார்கள். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது மணல் தரையோடு உருளும். அதைவிட நுண்ணிய செம்பொடி ஜன்னல் இடுக்கு வழியாக வீட்டுக்குள் வரும். நாட்டின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் ஒன்று 1986இல் பக்கத்து முள்ளக்காட்டில் அமைந்தது என்றால் இந்தக் காற்றின் வேகத்தைப் புரிந்துகொள்ளலாம்.

கையேட்டில் ஃபில்டரை நூறு மணி நேரத்துக்கு ஒருமுறை துடைக்கச் சொல்வார்கள். மேல்காற்று மாதங்களில் எங்களுக்கு வாரம் ஒருமுறை. ஃபில்டர் பஞ்சைக் கழற்றி வெள்ளைக் காகிதத்தின் மேல் தட்டினால் குங்குமம் போலச் செம்பொடி விழும். சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம் நோக்கிக் கேமரா கடையில் விற்கும் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். டயர் கடைக் கம்ப்ரஸர் வேண்டாம். அதில் எண்ணெயும் ஈரமும் வரும், விசிறியும் தாங்காத வேகத்தில் சுற்றும். கழுவலாம் என்று கையேடு சொல்லும் பஞ்சை மட்டும் கழுவி, நிழலில் முழுதும் காய்ந்த பிறகு மாட்ட வேண்டும். முன் லென்ஸில் நாலு தூசி இருந்தால் படத்தில் தெரியாது, பதற வேண்டாம். படத்தில் மங்கலான வட்டப் பொட்டு தெரிந்தால் கருப்புத் திரையைப் போட்டு ஃபோகஸைத் திருகுங்கள். படம் கலையும்போது பொட்டு கூர்மையானால் தூசி உள்ளே போய்விட்டது. அது கடைக்காரர் பார்க்க வேண்டிய வேலை.

ஐப்பசி தொடங்கி மார்கழி வரை கவலை ஈரத்தைப் பற்றியது. உப்புக்காற்றும் மழையும் சேர்ந்தால் லென்ஸில் பூஞ்சை நூல் நூலாகப் படரும். படர்ந்துவிட்டால் லென்ஸின் பூச்சோடுதான் போகும். படம் பார்க்காத வாரத்திலும் அரை மணி நேரம் கருவியை ஓட்டுங்கள். அந்தச் சூடே நல்ல மருந்து. எடுத்து வைப்பதென்றால் முழுக்க ஆறிய பிறகு மூடி இறுக்கமான பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீல மணிகள் ரோஜா நிறமானால் ஈரம் குடித்து முடித்துவிட்டன என்று அர்த்தம். மழை விட்ட இரவுகளில் ஈசல் வெளிச்சத்தைத் தேடி வரும். அதைத் தேடிப் பல்லி வரும். காற்றுத் துளைகளுக்கு நெருக்கமான கம்பி வலை போட்டால் இரண்டுமே உள்ளே போகாது. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்து, எங்கள் மாவட்டமே தண்ணீரில் நின்றதை யாரும் மறக்க மாட்டார்கள். பிளக், அடாப்டர், எக்ஸ்டென்ஷன் எதையும் தரையில் கிடத்தாமல் பலகையோடு சேர்த்து மேலேயே கட்டிவிடுவது அந்த மழைக்குப் பிறகு எங்கள் தெருவில் வழக்கமாகிவிட்டது.

ஆகவே மணிக்கணக்கை விட்டுவிட்டு மாதக்கணக்கில் பராமரியுங்கள். மாசியில் பெரிய சுத்தம். சுவருக்குப் புதுப் பூச்சு வேண்டுமென்றால் அதுவும் அப்போதே. சித்திரையில் ‘எக்கோ’ அமைப்பில், இரவு எட்டு மணிக்கு மேல் ஓட்டம். ஆனியில் மேற்கு ஜன்னலை அடைத்து, வாரம் ஒருமுறை ஃபில்டர். ஐப்பசியில் சிலிக்கா ஜெல், கம்பி வலை, வாராந்திர அரை மணி ஓட்டம்.

கருவி சில ஆண்டுகளில் பழசாகும். இதைவிட நல்லது, இதைவிட மலிவானது வரும். நேராக்கிய சுவர், கெட்டித் திரை, ஆடாத பலகை, சரியான எர்த், காற்றின் திசை பார்த்து வேலை செய்யும் பழக்கம் இவையெல்லாம் அப்படியே இருந்து அடுத்த கருவிக்கும் உழைக்கும். கையில் இருக்கும் பணத்தையும் நேரத்தையும் முதலில் இவற்றுக்குக் கொடுங்கள். மிச்சத்தில் கருவி வாங்குங்கள். எந்தக் கருவி வாங்கினாலும் அது தன் முழுத் திறமையையும் உங்கள் வீட்டில் காட்டும்.