வேதபுரீஸ்வரர் சந்நிதியில்

முதலியார்பேட்டையிலிருந்து பிரதோஷத்தன்று புதுச்சேரி வேதபுரீஸ்வரரைத் தரிசிக்கச் சென்றோம். அம்பிகை திரிபுரசுந்தரி. மகாத்மா காந்தி வீதியில் இன்று நாம் வணங்கும் இவ்வாலயம் ஆதியில் இங்கு இல்லை. மிஷன் வீதியில், ஊரார் சம்பா கோயில் என்றழைக்கும் மாதா கோயிலை ஒட்டி இருந்தது. 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, துய்ப்ளே ஆட்சியில் அது இடிக்கப்பட்டது. கண்முன் நடந்த அக்கொடுமையை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். இல்லையேல் நமக்கு ஏது தெரியும்? உற்சவ மூர்த்திகளைக் காளத்தீஸ்வரர் கோயிலுக்கு எடுத்துச் சென்றனர். பின்னாளில் அடியார்கள் எழுப்பியதே இப்போதைய ஆலயம்.

தீபாராதனை கண்டபின், முழங்கால் வலியையும் பாராமல் காளத்தீஸ்வரர் சந்நிதிக்கும் நடந்தோம். அன்று அடைக்கலம் தந்தவரை வணங்காமல் வீடு திரும்ப மனம் வரவில்லை.